அயல்நாட்டுப் பயணி

ஜெர்மன் குடியுரிமை கிடைத்த மாதமே இளம்பரிதி தன் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தான். அதன் ஓரத்தை வெட்டிய அதிகாரி, "இனிமே நம்ம நாட்டுப் பதிவு எதுலயும் உங்க பேர் இருக்காது சார், பரவாயில்லையா?" என்று கேட்டார். அவன் யோசிக்காமல் தலையாட்டினான்.

அடுத்த விடுமுறைக்குத் திருச்சி வந்தான். அம்மா காந்திமதிக்கு மறதி நோய். எதிரே நிற்பவர் யாரென்று, அரசு கொடுத்த மூக்குக்கண்ணாடிதான் அவளுக்குச் சொல்லும். போன வருடம் அது "உங்கள் மகன்" என்று சொன்னதும் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

இம்முறை கதவைத் திறந்தவளிடம் கண்ணாடி, "அயல்நாட்டுப் பயணி. உறவு இல்லை" என்றது. அது அவன் காதிலும் விழுந்தது.

"நான்தாம்மா, பரிதி."

அவள் பின்வாங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எம் பையன் பேரும் அதான் தம்பி. ஜெர்மனில இருக்கான். நீங்களும் அங்கேருந்தா வர்றீங்க?"

"ஆமாம்மா."

"அவனப் பாத்தா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றான். அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.