பழுது பார்க்கும் அணுக்கள்

“ஏனுங்க டாக்டரு, எம்புள்ள திரும்ப நடப்பாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லிப்போடுங்க.”

இந்தக் கேள்வி எழுந்த இடத்துக்கு வாருங்கள், வாசகரே! கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஏறி வந்து, ஒரு தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

மலைமேல் ஒரு விடுதியின் அரங்கில், தசைக் குருத்தணுக்களைப் பற்றிய மூன்று நாள் அறிவியல் மாநாடு. தசை நலிவு நோய் கண்ட மலைக் குடும்பங்களையும் முதல் நாள் அழைத்திருந்தார்கள். வளப்பூர் நாடு என்னும் மலையூரைச் சேர்ந்த அத்தாயி, தன் பதினாறு வயது மகள் கலைச்செல்வியோடு வந்திருந்தாள். நான்காண்டுகளாக எழுந்து நிற்க இயலாத அந்தப் பெண்ணை, பஸ்ஸிலிருந்து அரங்கம் வரை முதுகில் சுமந்து வந்தவன் அத்தாயியின் தம்பி சின்னராசு. மூத்த மகள் அனுராதாவை அவனுக்கே நிச்சயம் செய்திருந்தாள். வைகாசியில் கல்யாணம்.

திரையில் ஒரு படம் காட்டினார்கள். கால் விளங்காத சுண்டெலி ஒன்று, குருத்தணு ஊசி போட்ட மூன்றாம் வாரம் சக்கரத்தில் ஓடியது.

“எலியாப் பொறந்திருந்தா நானும் ஓடியிருப்பேன் மாமா,” என்றாள் கலைச்செல்வி.

“எலியாப் பொறந்திருந்தா எம் முதுகாச்சும் பொழச்சிருக்கும், சாமி,” என்றான் சின்னராசு.

மாநாட்டுத் தலைவர் டாக்டர் அர்த்தனாரி, அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர். அத்தாயியின் கேள்வியைக் கேட்டதும் மேடையை விட்டு இறங்கி வந்து அவள் எதிரே தரையில் அமர்ந்தார். நம் தசைக்குள் குருத்தணுக்கள் என்ற பழுது பார்க்கும் அணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன, அடிபட்டால் அவை விழித்தெழுந்து புதுத் தசை உண்டாக்குகின்றன என்று விளக்கினார்.

“அப்ப எம்புள்ளைக்கு மட்டும் அது ஏனுங்க முழிக்கல?”

“முழிக்குதுங்கம்மா. ஆனா, பழுது பார்க்க வர்ற அணுவுக்குள்ளயும் அதே பழுது இருக்குது. அதுக்கு மருந்து இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறோம். உங்க ஊட்டுக்காரரு உங்களுக்கு என்ன முறைங்க?”

“அத்த மவனுங்க.”

ஒரே குடும்பத்தில் மறைந்து வரும் குறை, தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வந்து ஒரு பிள்ளையிடம் சேரும்போது நோயாகிறது என்றார். அனுராதாவின் நிச்சயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. தம் உடன்பிறந்த தம்பி சாமியப்பனும் இதே நோயில்தான் இருபத்திரண்டாம் வயதில் மாண்டான் என்றும், அவனைச் சுமந்த நாள்களே தம்மை இந்த ஆராய்ச்சிக்குத் தள்ளின என்றும் சொன்னார்.

“ஒரு புள்ளயச் சொமக்கறது பத்தாதுங்களா? அந்தக் கல்யாணத்த நிறுத்திப்போடுங்கம்மா.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அன்று மாலையே நிச்சயத் தட்டையும் புடவையையும் தம்பி வீட்டில் திருப்பி வைத்தாள் அத்தாயி. கொடுத்த வாக்கை முறித்தால் தெய்வம் பொறுக்காது என்று ஊரார் எச்சரித்தார்கள். மாமனுக்கென்றே சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட அனுராதா அழவில்லை. சோற்றைத் தொடவும் இல்லை. சின்னராசு சண்டை பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

“நம்ம ரத்தம் ஆகாதுன்னு ஒதுக்கிப்போட்ட. இத்தன வருசமா உம்புள்ளயச் சொமந்தது எந்த ரத்தம், அக்கா?”

பிறந்த வீட்டுக் கதவு அன்றே அத்தாயிக்குச் சாத்தப்பட்டது.

செய்தி அறிந்த டாக்டர் மாநாட்டின் மூன்றாம் நாள் ஆள் விட்டு அவளை அழைத்தார். சுமக்கத் தம்பி இல்லை. தாயே மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மிளகுத் தோட்டத்துச் சரிவில் நான்கு இடங்களில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார் அர்த்தனாரி. எழுத்தறியாத இந்தத் தாயின் துணிவு, படித்த கூட்டத்துக்கு வர வேண்டாமா என்று முழங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எழ இயலாத ஒருத்தி மட்டும் உட்கார்ந்தபடியே தட்டினாள்.

கூட்டம் கலையும்போது அவர் எல்லாருக்கும் ஓர் அழைப்பிதழ் கொடுத்தார். அத்தாயிக்கும் இரு கைகளாலும் ஒன்றை நீட்டினார்.

“அடுத்த வாரம் எம் பொண்ணுக்குக் கல்யாணமுங்க. நீங்க கட்டாயம் வரோணும்.”

இவ்வளவு பெரிய மனிதர் தன்னையும் ஓர் ஆளாக மதித்து அழைக்கிறாரே என்று அத்தாயிக்குக் கண் கலங்கியது. தம்பியை இழந்த நோவு கூட அந்த ஒரு கணம் குறைந்தாற்போல் இருந்தது. அழைப்பிதழை மகளின் மடியில் வைத்தாள்.

“என்ன போட்டிருக்குதுன்னு படி, கண்ணு.”

கலைச்செல்வி படிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றாள். மீண்டும் முதலிலிருந்து படித்தாள். குரல் தாழ்ந்தது.

“மணமகள், பேளுக்குறிச்சி அப்பாசாமியோட மகன்வழிப் பேத்தி. மணமகன், அதே அப்பாசாமியோட மகள்வழிப் பேரன்... டாக்டரு அவரோட சொந்த அக்கா மகனுக்குத்தாம்மா பொண்ணக் குடுக்கறாரு.”

அத்தாயி பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்; மகள் ஏறிக்கொள்ளக் குனிந்து முதுகைக் கொடுத்தாள்.

வாசகரே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஓர் அழைப்பிதழ் இருக்கும். முகூர்த்த நேரத்தைப் பார்க்குமுன் பாட்டன் பெயரைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே பெயர் நின்றால் அட்சதை தூவப் போகாதீர்கள், தடுத்துக் கேட்கப் போங்கள்!