உதவிய ஹேங்கர்

மாமரத்து ஆண்காகம், கூடு கட்டி முடித்த பிறகும் பொருள் சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஒயர், உடைந்த ஹேங்கர், அறுந்த செருப்பு வார், மூக்குக்கண்ணாடி ஃபிரேம் என்று கூடு நிரம்பிவிட்டது.

“நான் எங்க உக்கார்றது?” என்று கேட்டது பெண்காகம்.

“கொஞ்சம் ஒதுங்கி உக்காரு. எல்லாம் என்னைக்காவது உதவும்.”

ஒருநாள் இரண்டும் இரை தேடப் போயிருந்தபோது, வழக்கம்போலத் திருட்டு முட்டை வைக்கக் குயில் வந்தது. கால் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனது. தூரத்திலிருந்து அதைப் பார்த்த ஆண்காகத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா, உதவிடுச்சு. இந்த வருஷம் குயில் நம்ம கூட்டுல முட்டை வைக்கலை.”

“நானும்தான் வைக்கலை” என்றது பெண்காகம்.

ஆண்காகம் ஹேங்கரை அலகால் நெம்பத் தொடங்கியது.