கரகரப்புக்கு வந்த வேலை

ஒரு பழைய கையடக்க வீடியோ கேமுக்குள் நான்கு ஒலிகள் குடியிருந்தன. மூன்றுக்குப் பாட்டு வரும். அவற்றில் மூத்தது கீச்சு. நான்காவதான கரகரப்புக்கு ஒரே வேலைதான். விளையாட்டில் யாராவது குழியில் விழுந்து செத்தால், "டுஷ்" என்று கத்த வேண்டும்.

ஒருநாள் நடனக் கூடமொன்றில் இசைக்காரி ஒருத்தி அந்தக் கேமைப் பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்தாள். கீச்சு பாடத் தொடங்கியது. கரகரப்புக்கும் கத்தச் சொல்லி உத்தரவு வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"அடப்பாவி கீச்சு, இத்தனை பேரா சாகிறாங்க? இனி நான் கத்த மாட்டேன்!"

"மக்கு, ஆடுறாங்கடா! வெளியே பாரு."

கரகரப்பு வாயை மூடிக்கொண்டு திரை வழியே எட்டிப் பார்த்தது. கூடம் நிறைய ஜனங்கள், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அதன் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"டுஷ்!" என்றது கரகரப்பு.

அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின.