நம்பர் ஒட்டிய பாட்டில்

ஞாயிறுதோறும் மலையிலிருந்து இரண்டு மூட்டை காலி பாட்டில்களோடு இறங்கிவரும் பெரியவரைப் பார்த்ததும், சோதனைச் சாவடிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த காவலர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க சார். ஏறுறப்பவே ஒவ்வொரு பாட்டில்லயும் நம்பர் ஒட்டித்தான் அனுப்புறோம். திரும்பக் கொண்டு வரலைன்னா அபராதம்னும் சொல்றோம். எவன் காதுல வாங்குறான்? மலை முழுக்க வீசிட்டு வர்றானுங்க. அந்தக் குப்பையை நீங்க சுமக்குறீங்க."

பெரியவர் மூட்டைகளைத் தரையில் கொட்டி, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு விருது தரணும்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. பேரைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

"விருதெல்லாம் வேண்டாம்ப்பா. நானூத்திப் பன்னிரண்டு இங்க வந்துச்சா?"

"அது எந்த நம்பர் சார்?"

"போன வருஷம் ஒட்டினது. பழைய நோட்டுல இருக்கும் பாரு."

காவலர் நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். 412. ஒரு பாட்டில், தனியாக ஏறிய ஒரு பெண். இறங்கிய நேரம் எழுத வேண்டிய கட்டத்தில், சிவப்பு மையில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: 'மண்சரிவு. உடல் கிடைக்கவில்லை. தேடுதல் நிறுத்தப்பட்டது.'

"சார், இவங்க உங்களுக்கு..."

"என் பொண்ணு."

காவலர் நோட்டை மூடி வைத்தார். "அந்த பாட்டிலை அவங்க மண்சரிவுக்கு முன்னாடியே எங்கயாவது போட்டிருக்கலாமே சார்."

பெரியவர் கடைசி பாட்டிலையும் பார்த்துவிட்டு, காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ கண்ட இடத்துல வீசுற பொண்ணு இல்லப்பா. அது கிடைக்கிற இடத்துலதான் அவளும் இருப்பா."