நடைத் திருத்தம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் ப்ரூஃப் ரீடர், ஆறு மாத கால ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின், இன்று காலை ஆறு மணி முதல் நடக்கப்போகிறார்.

சகலர் என்று யாரும் இல்லை. அவரே எழுதி, ஒரு சந்திப்பிழையைத் திருத்தி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, அவரே படித்துக்கொண்டார்.

ஆரம்பித்து வைத்தவர் எதிர்வீட்டு டீச்சர். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறவர். ஆறு மாதத்துக்கு முன் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்ற இவரைப் பார்த்து, "தனியா நடக்க போரடிக்குது சார், காலைல நீங்களும் வாங்களேன்" என்றார்.

இவரை யாராவது எங்காவது 'வாங்களேன்' என்று கூப்பிட்டுப் பல வருஷமாகியிருந்தது. பிழை திருத்த வேண்டிய அச்சகத்துத் தாள்கள்கூட வீட்டுக்கே வந்துவிடும்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசித்தார்.

இருநூறு பக்க நோட்டுப் போட்டு யோசித்தார். வாழைப்பழம் நடைக்கு முன்னாலா, பின்னாலா? முட்டை மஞ்சளோடா, மஞ்சளை நீக்கியா? கையை வீசி நடந்தால் டீச்சர்மேல் பட்டுவிடாதா? வீசாமல் நடந்தால் அது நடையா?

இவ்வளவு ஆராய்ச்சிக்குத் தெம்பு வேண்டாமா? பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். ஆராய்ச்சி முன்னேறியதோ இல்லையோ, தொப்பை இரண்டு அங்குலம் முன்னேறியது.

நடுவில் ஒரு மத்தியானம் டீச்சர் வந்து மணியடித்தார். இவர் கதவின் கண்ணாடித் துளை வழியே பார்த்தார். நிச்சயம் பதில் கேட்கத்தான் வந்திருக்கிறார். 'வருகிறேன்' என்பதா, 'வரலாம் என்றிருக்கிறேன்' என்பதா என்று முடிவாகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் போய்விட்டார்.

ஆனால் தினமும் காலை ஆறுக்கு எதிர்க்கதவு திறக்கும். ஷூ சத்தம் படியிறங்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கடைசிப் படி வரை கேட்பார். ஒரு நாளில் அவருக்குக் கிடைத்த சகவாசம் அவ்வளவுதான்.

அதற்கும் குறிப்பு எழுதினார்: 'சமீப காலமாக டீச்சர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறார். முட்டிவலி போன இடம் தெரியவில்லை. பயிற்சியின் பலன் கண்கூடு.'

அந்த நோட்டில் 'நடந்த தூரம்' என்ற கட்டம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து வெள்ளையாக இருந்தது.

இன்று ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே புது ஷூவை மாட்டினார். 'வரேன் டீச்சர்' என்பதை மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாலு எட்டு வைத்து, எதிர்வீட்டு மணியை அடித்தார்.

ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிய இளைஞன் ஒருவன் கதவைத் திறந்தான்.

"டீச்சரா? அவங்க காலி பண்ணி நாலு மாசமாச்சே, அங்கிள்!"

இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான்.

ப்ரூஃப் ரீடர் கடைசிப் படி வரை கேட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து நோட்டைத் திறந்தார். போக நாலு, வர நாலு. 'நடந்த தூரம்' கட்டத்தில் 'எட்டு எட்டு' என்று எழுதினார்.

ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு வந்திருந்தது. பழக்கதோஷம், ஒன்றை அடித்துவிட்டார்.