விதைக்காத காட்டுக்குக் காவல்

வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், சிரிப்பு கடைசியில்தான்.

சூரியகாந்தி விதைக்கும் காட்டில் நின்ற காவல் பொம்மைக்கு இரண்டு மாதமாக ஒரே பெருமை. ஒரு கிளிகூட மேய வரவில்லை! காடு வெறும் மண்ணாகக் கிடந்தது வேறு விஷயம்.

"செங்கோடண்ணா, எப்ப விதைப்பீங்க?" என்று தினமும் காலையில் கேட்கும்.

"நாளைக்குடா தங்கம்!" என்று பின்னாலிருந்து காட்டுக்காரர் செங்கோடனின் கரகரத்த குரல் வரும். "ஏனுங்க, கஞ்சி ஆறுது!" என்று அவர் பெண்சாதி மாராத்தாள் கூப்பிடுவாள். ஆடு கத்தும். பொம்மைக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து கிடையாது. கேட்டுக்கொண்டே விறைப்பாக நிற்கும்.

இருங்கள், இன்னும் சிரிக்கக் கூடாது.

அன்று எண்ணெய் வியாபாரியின் குரலும் வந்தது. "கப்பல்ல வர்ற எண்ணெய்க்கு வரியை எடுத்துட்டாங்க. உன் விதையை இனி எவன் வாங்குவான் செங்கோடா?"

"அப்ப நாங்க எதைத் திங்கறது?" என்றாள் மாராத்தாள். பிறகு கதவைப் பூட்டும் சத்தம். பஸ் உறுமும் சத்தம்.

"அண்ணா, யாரு ஊரைவிட்டுப் போறாங்க?"

"யாரும் போகலைடா. நான் உன் பக்கத்துலயேதான் நிக்கறேன்" என்றது அதே கரகரத்த குரல்.

பொம்மை எதிரே தரையைப் பார்த்தது. காலை வெயிலில் அதன் நிழல் மட்டும் நீளமாக விழுந்து கிடந்தது. பக்கத்தில் வேறு நிழலே இல்லை. தன் நிழலின் தலையில் மட்டும் ஒரு நீண்ட வால் ஆடியது.

"அவங்க குரல்லயே பேசற கிளியே," என்றது பொம்மை, "அவங்க போய் எத்தனை நாளாச்சு?"