நாற்பத்திரண்டாவது கையெழுத்து

மாலை ஆறு பத்து. தேவாலயக் கூடத்தில் எங்கள் மொழி வகுப்பு நடக்கும் மேஜையில் இன்று புத்தகங்கள் இல்லை. அகதியாய் வந்த தையல்காரியின் கணவரை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்கும் மனு மட்டும் இருக்கிறது. ஜெபம் முடிந்து வந்தவர்கள் போட்ட கையெழுத்துகள் நாற்பத்தொன்று. சந்தேகத்தில் இரண்டு முறை எண்ணிவிட்டேன். வரிசையின் கடைசியில் தையல்காரி நிற்கிறாள். இந்த ஊர் எழுத்தில் தன் பெயரை உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்க்கிறாள். "உன் எழுத்து எவ்வளவோ தேவலை, என்னோடது கோழி கிளறின மாதிரி" என்று சிரிக்கிறார் வகுப்பெடுக்கும் சிஸ்டர். அப்போது அவருடைய போன் அடிக்கிறது. கேட்டுக்கொண்டே பேனாவை மூடுகிறார். ஜன்னல் வெயில் காகிதத்தை விட்டுத் தரைக்கு இறங்கியிருக்கிறது. "உன் வீட்டுக்காரரை மதியமே விமானத்துல ஏத்திட்டாங்களாம், அம்மா" என்கிறார் தையல்காரியிடம். யாரோ இழுத்த நாற்காலி கிறீச்சிட்டு நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் காகிதத்தின் ஓரத்தை நேராக்குகிறேன். அவள் அழவில்லை. பேனாவை வாங்கி மூடியைக் கழற்றுகிறாள். "ஒரு வாரமாப் பழகினேன், சிஸ்டர்." குனிந்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, கோட்டை விட்டு விலகாமல் ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறாள். மை காய்வதற்காக சிஸ்டர் ஊதுகிறார்.